பழைய பொம்மைக்குப் புதிய நிறம்



கடந்த ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் எமது பெண்கள் குழுக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் புறப்பட்ட பின்பும் ஒரு அம்மா மாத்திரம் பாயை விட்டு எழும்பவில்லை. எல்லோரும் படலையைத் தாண்டும் வரை காத்திருந்துவிட்டு, தனது பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நீண்ட தலைமுடி வைத்த வெளிநாட்டுப் பொம்மை அது. 2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்த பின்னர், ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் அந்த அம்மாவின் மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அப்போது மகளுக்குப் பத்து வயது. 2009இல் மகள் காணாமல் போனபோது வயது பதினேழு. இடம்பெயர்ந்த இடமெல்லாம் உடுப்பு மூட்டையோடு பொம்மையும் போயிருக்கிறது. மஞ்சளாக இருந்த முடி வைக்கோல் நிறமாகிவிட்டது. இரண்டு கால்களிலும் திட்டுத் திட்டாக நீல நிறம் படிந்திருந்தது.

"பிள்ளை, மகன்ர பெட்டைக்கு இப்ப ஆறு வயசு. இதைத் தா எண்டு அழுறாள். இப்பிடி ஊத்தையாக் குடுக்க மனமில்லை. துணிக்குச் சாயம் போடுறமாதிரி இதுக்கும் போட்டுப் பழைய நிறத்தைக் கொண்டு வரலாமோ?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று கூறி வந்துவிட்டேன். அன்று தொடங்கிய தேடலில் நான் படித்ததையும், செய்து பார்த்துப் பிழைத்ததையும், இறுதியில் அந்த அம்மா எனக்குக் கற்றுத் தந்ததையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பொம்மைக்குச் சாயமிடுவோர்

அமெரிக்கா, இங்கிலாந்து, யப்பான் போன்ற நாடுகளில் பழைய பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்களைச் சேகரிக்கும் வளர்ந்த மனிதர்கள் ஏராளம். 1959இல் சந்தைக்கு வந்த பார்பி பொம்மை, 1980களில் வந்த 'மை லிட்டில் போனி' என்ற குதிரைக் குட்டிகள், 1984இல் வந்த, வாகனமாகவும் மனித உருவாகவும் மாறும் 'ட்ரான்ஸ்போமேர்ஸ்' என்பன அவர்கள் விரும்பிச் சேர்ப்பவை. இவர்களில் ஒரு பகுதியினர் பழுதான பொம்மைகளை மலிவாக வாங்கி, துணிச்சாயத்தைக் கொண்டு அவற்றுக்குப் புதிய நிறம் கொடுக்கின்றனர்.

பெயின்ற் அடித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பெயின்ற் பிளாஸ்ரிக்கின் மேல் ஒரு தோல் போலப் படியும். கையும் காலும் அசையும் மூட்டுகளில் அந்தத் தோல் உரசி உரிந்துவிடும். சில வேளைகளில் மூட்டு இறுகிப் பொம்மையின் கை அசையாமலே போகும். சாயம் அப்படியல்ல. அது சூட்டில் பிளாஸ்ரிக்கின் உள்ளே சிறிதளவு ஊறிச் செல்கிறது. தடிப்புக் கூடாது, மூட்டும் இறுகாது. தலைமுடிக்கோ பெயின்ற் அடிக்கவே முடியாது, தும்பு தும்பாக ஒட்டிவிடும்.

சாயமும் தட்டுப்பாடும்

இவர்கள் அதிகம் பாவிப்பது 'றிட்' என்னும் அமெரிக்க வீட்டுச் சாயம். இங்கிலாந்தில் 'டைலோன்' என்பதும் பெயர் பெற்றது. றிட் பிறந்த கதை எமக்கு ஓரளவு பழக்கமான கதைதான்.

1856இல் லண்டனில் பதினெட்டு வயது இளைஞரான வில்லியம் பேர்க்கின், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று தோற்று, தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பின்னர் இத்தொழில் ஜேர்மனியின் கைக்குப் போனது. முதலாம் உலகப் போர் மூண்டு, பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியின் கப்பல் பாதைகளை அடைத்தபோது, அமெரிக்காவில் சாயத்துக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டானது. 1916இல் 'டொச்லாந்து' என்ற ஜேர்மனியச் சரக்கு நீர்மூழ்கிக் கப்பல் தடையைக் கடந்து பால்ரிமோர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது சுமந்து சென்ற முக்கிய சரக்குச் சாயமே! அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் வீட்டுப் பெண்களுக்கென்று றிட் சாயம் செய்யப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த எமது தாய்மாருக்கு இது புதினமாக இராது.

சாயமும் எமக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணல் நிலங்களில் தோண்டியெடுத்த சாயவேர், பருத்தித் துணிக்குச் சிவப்பு நிறம் ஊட்டப் பயன்பட்டது. இன்றும் பனையோலையைச் சாயநீரில் அவித்துப் பெட்டி இழைக்கும் சகோதரிகள் எம்மிடையே இருக்கின்றனர்.

எது பிடிக்கும், எது பிடிக்காது?

பருத்திக்குப் பிடிக்கும் சாயம் எல்லாப் பொருளுக்கும் பிடிக்காது. பிளாஸ்ரிக் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல வேறுபட்ட பொருட்களை.

நைலோன்: பல பொம்மைகளின் தலைமுடி நைலோனால் ஆனது. றிட் போன்ற பொதுவான வீட்டுச் சாயங்கள் இதற்கு நன்றாகப் பிடிக்கும். சிறிது வினாகிரி சேர்த்தால் நிறம் இன்னும் ஆழமாக ஏறும்.

பொலியெஸ்ரரும் கடினமான பிளாஸ்ரிக்கும்: இவற்றுக்குச் சாதாரணச் சாயம் போதாது. செயற்கை இழைகளுக்கென்று தனியாக விற்கும் சாயமும், கொதிநிலையை அண்டிய சூடும் வேண்டும். பொருள் வளைந்துபோகும் அபாயமும் அதிகம்.

பீ.வீ.சீ எனப்படும் மெதுமையான வினைல்: பொம்மையின் உடலும் தலையும் பெரும்பாலும் இதுதான். இது தன்மேல் பட்ட நிறத்தை இலேசாக உள்ளிழுத்துக்கொள்ளும். கடும் நிற உடுப்பைப் பல காலம் உடுத்தி வைத்தால், உடுப்பின் சாயம் பொம்மையின் தோலில் ஊறிவிடும். சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய தலையிடி.

பொலிப்புரொப்பிலீன், பொலித்தீன் வகை: வாளி, மூடி, மலிவான பொம்மைகளின் முடி என்பன இவற்றால் ஆனவை. இவற்றில் வீட்டுச் சாயம் பிடிக்காது. எவ்வளவு அவித்தாலும் கழுவும்போது போய்விடும்.

இவற்றை வேறுபடுத்தி அறிய ஓர் இலகுவான வழி உண்டு. பொம்மையின் பின்தலையிலிருந்து சில முடிகளை மட்டும் வெட்டி, சவர்க்காரம் கலந்த நீரில் நன்றாக நனைத்து, காற்றுக் குமிழி போகும்படி விரலால் அமிழ்த்திவிடுங்கள். மிதந்து மேலே வந்தால் அது பொலிப்புரொப்பிலீன் வகை; சாயத்தை வீணாக்க வேண்டாம். தாழ்ந்தால் நைலோனாக இருக்கக்கூடும்; முயன்று பார்க்கலாம். கடினமான பொருட்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். 2, 4, 5 என்ற எண்கள் சாயம் பிடிக்காத வகையைக் குறிக்கும்.

இன்னொரு விதி: சாயத்தால் நிறத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. வெள்ளையை எந்த நிறமாகவும் மாற்றலாம். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான் வரும். கறுப்பை எதுவாகவும் மாற்ற முடியாது.

நான் பழுதாக்கிய மூன்று பொம்மைகள்

அம்மாவின் பொம்மையில் கைவைக்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் முன்பள்ளிக்கு அன்பளிப்பாக வந்த பெட்டியில், நிறம் மங்கியதால் பிள்ளைகள் தொடாமல் விட்ட பொம்மைகள் சில கிடந்தன. ஆசிரியையிடம் கேட்டு மூன்றை எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டு உறவினர் ஒருவர் அனுப்பிய றிட் போத்தலும் கையில் இருந்தது.

முதலாவது பொம்மையின் முடியை அரை மணித்தியாலம் சிவப்புச் சாயத்தில் வைத்தேன். கழுவியதும் பழையபடி வெள்ளையாக நின்றது. மிதக்க விட்டுப் பார்க்கும் முறையைப் பின்னர்தான் அறிந்தேன்.

இரண்டாவதன் மஞ்சள் முடியை நீலமாக்க நினைத்தேன். பாசிப் பச்சையாக வந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க, முன்பள்ளிப் பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை பிடித்தார்கள்.

மூன்றாவதை அடுப்பில் கொதிக்கும் நீரிலேயே விட்டுவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கை வளைந்து, கன்னம் உட்குழிந்து, முகமெல்லாம் ஊதாத் திட்டு. முடி மாத்திரம் மிக அழகாக இருந்தது!

செய்முறை

இவ்வளவும் பட்ட பின்னர் பொம்மையின் முடிக்குச் சாயமிட நான் கைக்கொண்ட முறை இது:

1. பொம்மையை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். முடியைச் சிக்கெடுத்து ஈரமாகவே வையுங்கள்.

2. முகத்தையும் உடலையும் பொலித்தீனால் சுற்றி, இறப்பர் வளையத்தால் இறுக்குங்கள்.

3. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். இரண்டு தேக்கரண்டி திரவச் சாயமும் நான்கு தேக்கரண்டி வினாகிரியும் விட்டுக் கலக்குங்கள். வேறு வகைச் சாயமானால் அதன் உறையில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

4. வெட்டிய சில முடிகளை முதலில் அமிழ்த்திப் பாருங்கள். விரும்பிய நிறம் வர எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் சற்று மங்கும்.

5. பொம்மையைக் கையில் பிடித்தபடி முடியை மாத்திரம் சாயநீரில் அமிழ்த்துங்கள். பத்து முதல் முப்பது நிமிடம் வரை செல்லலாம். இடையிடையே தூக்கிப் பாருங்கள்.

6. குளிர்ந்த நீரில், நிறம் கழன்று வருவது நிற்கும் வரை அலசுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, நிறம் ஒட்டாவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். தலைக்குள் நீர் புகுந்திருந்தால் முழுதாக வடியவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

அவதானம்

சாயமிடப் பாவித்த சட்டியையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கவே கூடாது. கையுறை அணியுங்கள். தூளாக உள்ள சாயம் என்றால் காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கரையுங்கள். சுவாசத்தோடு உள்ளே போனால் சிலருக்கு இழுப்பு வரும். பிள்ளைகளைச் சுடுநீருக்குக் கிட்ட விடாதீர்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த, எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகளுக்குச் சாயமிட்ட பொம்மையைக் கொடுக்க வேண்டாம். துணிச்சாயம் துணிக்கென்று செய்யப்பட்டது. பிள்ளையின் வாய்க்கென்று செய்யப்பட்டதல்ல.

மிஞ்சிய சாயநீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். குறிப்பாக, யாழ் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது வெடிப்பும் துவாரமும் கொண்ட சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது இலகுவாகக் கீழே போய் நாம் குடிக்கும் நீரில் கலந்துவிடும்.

இதனால் உழைக்கலாமா?

எமது குழுவிலும் இக்கேள்வி எழுந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பொம்மைக்குச் சாயமிடுவதை நம்பி இங்கே ஒரு குடும்பம் வாழ முடியாது. சேகரிப்பாளர்கள் இருப்பது வெளிநாட்டில். எனவே இதற்கென்று ஒரு சதமும் கடன் எடுக்காதீர்கள். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு போதும்.

ஆனால் அந்தச் சேகரிப்பாளர்களிடமிருந்து இரண்டு பழக்கங்களை ஓலை வேலையும் துணி வேலையும் செய்யும் நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, கொப்பி வைத்திருப்பது. எந்தச் சாயம், எவ்வளவு நீர், எத்தனை நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாதிரித் துண்டையும் ஒட்டி வையுங்கள். பத்துப் பெட்டி வாங்கியவர் அதே நிறத்தில் இன்னும் இருபது கேட்கும்போது இந்தக் கொப்பி உங்களுக்குக் கைகொடுக்கும். மற்றது, உண்மை சொல்வது. சாயமிட்ட பொம்மையைத் தொழிற்சாலையில் வந்த நிறம் என்று விற்பதை அவர்கள் மோசடியாகவே கருதுகிறார்கள். சாயமிட்டதைச் சாயமிட்டது என்று சொல்லியே விற்க வேண்டும்.

அம்மாவின் பொம்மை

மழை சற்று ஓய்ந்த ஒரு நாள், சட்டியும் சாயமும் கொண்டு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பேத்தி முற்றத்தில் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். முடியைச் சோதித்தேன், நீரில் தாழ்ந்தது. சாயம் பிடிக்கும் என்றேன். கால்களில் உள்ள நீலத்தைப் பற்றியும் அம்மா கேட்டார்.

"அது ஊத்தை இல்லை அம்மா. நீலச் சட்டை ஏதும் கனகாலம் போட்டிருந்தால் அதின்ர சாயம் இப்பிடி உள்ளுக்கு ஊறியிருக்கும். தேய்ச்சால் போகாது. மேலால கடும் நிறம் ஏத்தினால் மறைக்கலாம்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொம்மையை மடியில் எடுத்துக் கால்களைத் தடவினார்.

"நீலச் சட்டை அவள் தைச்சது. பள்ளிக்கூடத்தில தையல் படிச்ச நேரம், என்ர பழைய சீலைத் துண்டில தானே வெட்டித் தைச்சுப் போட்டவள். சட்டை எங்கையோ ஓட்டத்தில விழுந்து போச்சு."

அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பொம்மை அவருடையது, முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"வேண்டாம் பிள்ளை. இது இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல வேளையாக, முன்பள்ளிப் பெட்டியிலிருந்து இன்னொரு பொம்மையையும் நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். வெளிறிய முடியுள்ள பொம்மை. என்ன நிறம் வேண்டும் என்று கேட்டோம். "செவ்வரத்தம்பூ நிறம்" என்றாள். சூடு கூடாமல் பார்த்து, அம்மாவே பொம்மையைப் பிடித்து முடியைச் சாயத்தில் அமிழ்த்தினார். இருபது நிமிடத்தில் செக்கச் சிவந்த முடியோடு அது வெளியே வந்தபோது அந்தச் சிறுமி குதித்த குதிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மகளின் பொம்மையை நாங்கள் சாயத்தில் இடவில்லை. தூசு மாத்திரம் ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தோம். வெயில்தான் நிறத்தின் முதல் எதிரி. கடும் நிறத் துணியில் சுற்றினால் அந்த நிறம் மீண்டும் ஊறும் என்பதால் வெள்ளைத் துணி.

சகோதரிகளே, ஏறிய சாயத்தை மீளப் பெற முடியாது. ஆகவே ஒரு பழைய பொருளைச் சாயநீரில் இடுவதற்கு முன்னர் அது எதற்காக இருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை விளையாடுவதற்கான பொருளென்றால் தயங்காமல் நிறம் கொடுங்கள். பாசிப் பச்சையானாலும் பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள். ஒருவரை நினைத்து வைத்திருக்கும் பொருளென்றால், கறை என்று நாம் காண்பது அவர் கைபட்ட இடமாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் பொருளை இத்தனை காலம் சுமந்து வந்தவர் மட்டுமே. உதவி செய்யப் போகும் எம்மைப் போன்றவர்கள் அடுப்பை மூட்டுவதற்கு முன்னர் அவரிடம் கேட்க வேண்டும். கேட்ட பின்னர் சற்றுப் பொறுத்திருக்கவும் வேண்டும்.

அண்மையில் அந்த வீட்டுக்கு மீண்டும் போயிருந்தேன். செம்முடிப் பொம்மைக்குப் பேத்தி ஒரு சட்டை தைத்திருந்தாள். தையல் கோணல்மாணலாக இருந்தது. நீலத் துணி. "சாயம் ஊறுமெண்டு சொன்னனான், கேக்கிறாள் இல்லை" என்று அம்மா சிரித்தார்.